ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைக்குக் காயம் வராமல் பார்க்க: எதை வாங்கலாம், எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்

என் மகள் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்த இரண்டாவது வருடம், அடிபடாமல் இருக்கட்டும் என்று ஆன்லைனில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். முழங்கால் உறை, கணுக்கால் உறை, கதவில் மாட்டிக் காலை இழுக்கும் கயிறு, மசாஜ் துப்பாக்கி. கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய். அவளுக்கு முதலில் வலி வந்ததோ மணிக்கட்டில். அதற்கென்று நான் ஒன்றுமே வாங்கியிருக்கவில்லை. அந்தக் குவியலில் இன்றும் பயன்படுவது, எதனுடனோ இலவசமாக வந்த ஒரு ரப்பர் பட்டை மட்டும்தான்.

இந்த வழிகாட்டி அந்த ஏழாயிரத்துக்குக் கிடைத்த படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. ஐந்து வருடமாகப் பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா. 8 முதல் 14 வயதுக்குள், வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். விலையெல்லாம் சென்னையில் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எனக்குப் பிடிபட்ட கணக்கு இதுதான். உடம்பைப் பலப்படுத்தும் சாமான்களை மலிவாக வாங்கலாம், பாதியை வீட்டிலேயே செய்துவிடலாம். பிள்ளை நம்பித் தொங்குகிற சாமானிலும் நம்பி விழுகிற சாமானிலும் மட்டும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. அதாவது கிரிப் (கம்பியில் தொங்கும்போது உள்ளங்கையில் மாட்டும் தோல் பட்டை), மெத்தை இரண்டும்.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

கடைக்குப் போகும் முன் இரண்டு வாரம் எழுதுங்கள். அன்று எந்தக் கருவியில் பயிற்சி, எங்கே வலி, பத்துக்கு எத்தனை, மறுநாள் காலையில் வலி இருந்ததா. அவ்வளவுதான். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பயிற்சி முடிந்ததும் தசை வலிப்பது சகஜம். பொட்டு வைத்தாற்போல் ஒரே இடத்தில், காலையில் எழும்போதும் வலிக்கிறது என்றால் அது வேறு கதை.

பெண் பிள்ளைகளுக்கு ஃப்ளோர் (தரைப் பயிற்சி), வால்ட் (ஓடிவந்து மேடையில் கையூன்றித் தாண்டுவது), பீம் (ஒடுக்கமான உத்திரம்) என்று எங்கும் குதித்து இறங்குவதால் கணுக்காலும் முழங்காலும்தான் அதிகம் அடிவாங்கும். ஆண் பிள்ளைகள் பொம்மல் (கைப்பிடி வைத்த குதிரை மேடை), ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்), பேரலல் பார் (இணை கம்பிகள்) என்று கையிலேயே வாழ்வதால் தோளும் மணிக்கட்டும் முதலில் முறையிடும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு, அதை நோட்டு காட்டிக்கொடுக்கும். என் மகளுடையதில் பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் 'வலது மணிக்கட்டு' என்று இருந்தது. நான் முழங்கால் உறை வாங்கி வைத்திருந்தேன்.

இரண்டாம் படி: மணிக்கட்டு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் "கை சுளுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

மணிக்கட்டு உடம்பைத் தாங்குவதற்கென்று உருவான மூட்டு இல்லை. கார்ட்வீலிலும் (பக்கவாட்டில் சக்கரம் அடிப்பது) ஹேண்ட்ஸ்டாண்டிலும் (கையூன்றித் தலைகீழாக நிற்பது) அதைக் கால் மாதிரி பயன்படுத்துகிறோம். சில அசைவுகளில் உடல் எடையின் இரண்டு மடங்கு வரை மணிக்கட்டில் இறங்கும். 30 கிலோ பிள்ளைக்கு 60 கிலோ. அந்தச் சுமையில் சுமார் 80 சதவீதம் கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பான ரேடியஸ் வழியாகப் போகிறது. வளரும் பிள்ளைகளுக்கு அந்த எலும்பின் நுனிக்கு அருகில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. இன்னும் எலும்பாக இறுகாத, குருத்தெலும்பாலான பகுதி அது. திரும்பத் திரும்பச் சுமை விழும்போது அது புண்படுகிறது. 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே இதற்குப் பெயர் உண்டு. கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

பார்த்துக் கண்டுபிடிப்பது எளிது. சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தள்ளும்போது மணிக்கட்டின் மேல்பக்கம், கட்டைவிரல் ஓரமாக வலித்தால் உஷாராகுங்கள்.

இதற்கு உதவுகிற சாமான்களில் முதலாவது, ஒரு மரச் சரிவு. தச்சுப் பட்டறையில் மிச்சமாகக் கிடக்கும் பலகையை, ஒரு ஓரம் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம், மறு ஓரம் தரையோடு தரையாக வருமாறு சீவித் தரச் சொல்லுங்கள். இரண்டு கைக்கும் இரண்டு. உள்ளங்கையின் அடிப்பகுதி உயரமான பக்கத்தில், விரல்கள் சரிவில் கீழ்நோக்கி. இப்படி வைத்தால் மணிக்கட்டு மடங்கும் கோணம் குறையும். புஷ்-அப், பிளாங்க் மாதிரி அடிப்படைப் பயிற்சிகளை இதன்மேல் செய்யலாம். எங்களுக்குத் தச்சர் காசே வாங்கவில்லை. அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டை ஒட்டிக்கொண்டால் டைல்ஸ் தரையில் வழுக்காது.

இரண்டாவது, பேரலெட் என்கிற குட்டைப் பிடிகள். இவற்றைப் பிடித்து ஹேண்ட்ஸ்டாண்ட் போடும்போது மணிக்கட்டு நேராக இருக்கும், பின்னால் மடங்காது. கடையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சொல்கிறார்கள். ஒன்றரை அங்குல பிவிசி பைப், எல்போ, டி, மூடி எல்லாம் வாங்கி 400 ரூபாயில் முடித்தோம். பிடி ஒன்றரை அடி நீளம், தரையிலிருந்து அரை அடிக்குள் உயரம், அடிக்கால் அகலமாக இருக்க வேண்டும். பைப்பில் கனமான ரகமே வாங்குங்கள். மெல்லிசானது எடை ஏறினால் வளையும். ஒட்டும் முன் உள்ளே காய்ந்த மணலை நிரப்பிவிட்டால் கனம் கூடி அசையாமல் நிற்கும். முதலில் அப்பா ஏறி நின்று பார்க்கட்டும். அவரைத் தாங்கினால் பிள்ளையையும் தாங்கும்.

மூன்றாவது, அரிசி வாளி. வாளியில் முக்கால் பங்கு அரிசி நிரப்பி, கையை மணிக்கட்டு மூழ்க விட்டு, விரல்களை விரித்து மூடுவது, முறுக்குவது, குடைவது. முன்கைத் தசைக்கு இதைவிட மலிவான பயிற்சி தெரியவில்லை. ரேஷன் அரிசியில்தான் தொடங்கினோம். "சோறு ஆக்குற அரிசியில என்னடி விளையாட்டு" என்று மாமியார் ஒரே நாளில் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அப்புறம் சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணலுக்கு மாறினோம். எம்-சாண்ட் வேண்டாம், கை தோலை அறுக்கும். வாரம் மூன்று நாள், ஐந்து நிமிடம்.

பயிற்சியின்போது அணியும் மணிக்கட்டுக் காப்புகளும் இருக்கின்றன. 'டைகர் பாஸ்' என்ற அமெரிக்கப் பெயர் எல்லாக் கூடத்திலும் காதில் விழும். மணிக்கட்டு அளவுக்கு மீறிப் பின்னால் வளையாமல் உள்ளே ஒரு தடுப்புத் திண்டு இருக்கும். உதவும், ஆனால் விலை அதிகம். கோச்சோ பிசியோதெரபிஸ்டோ சொன்னால் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், கட்டைவிரல் கண்ணி வைத்த சாதாரண எலாஸ்டிக் பட்டை இதற்கு மாற்று இல்லை. வெதுவெதுப்பாக வைத்திருக்கும், அவ்வளவுதான். எதை அணிந்தாலும் வலியோடு பயிற்சியைத் தொடர அதைச் சாக்காக்கக் கூடாது. நோகும் வளர்ச்சித் தட்டுக்கு மருந்து ஓய்வுதான்.

மூன்றாம் படி: கணுக்காலும் குதிகாலும்

இங்கே முதல் இரண்டு 'சாமான்கள்' உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன: ஒரு சுவர், ஒரு அடிஸ்கேல்.

சுவரைப் பார்த்து ஒரு காலை முன்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடச் சொல்லுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்துங்கள். கால் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரம் 10 சென்டிமீட்டருக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், இரண்டு காலும் ஒத்திருக்கிறதா என்பது. 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இறுகிய கால்தான் உங்கள் வேலை. மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாடிப்படி. விளிம்பில் முன்பாதத்தை வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவது. கைப்பிடிச் சுவரை விரலால் தொட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு காலுக்கும் ஒரே மூச்சில் 20 செய்ய முடிவதை இலக்காக வையுங்கள். என் மகளால் முதல் நாள் வலது காலில் 17, இடது காலில் 9 தான் முடிந்தது. பீமிலிருந்து இறங்கும்போது ஏன் எப்போதும் ஒருபக்கமாகச் சாய்கிறாள் என்று கோச் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

சமநிலைக்கு வோபிள் போர்டு (ஆடும் பலகை) என்று 800 ரூபாய்க்கு விற்கிறார்கள். தலையணையை இரண்டாக மடித்து அதன்மேல் ஒற்றைக் காலில் நில்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு 30 விநாடி. போதும். நம் பாட்டிமார் நொண்டியும் பாண்டியும் ஆடித்தான் கணுக்காலைப் பழக்கினார்கள். ஒற்றைக் காலில் குதித்து, கட்டத்துக்குள் ஆடாமல் நிற்பது; பிசியோதெரபிஸ்ட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி இதேதான், பெயர் மட்டும் வேறு.

காசு கொடுத்து வாங்க வேண்டியது ரப்பர் பட்டை. தட்டையான, நீளமான ரகத்தில் இரண்டு போதும். பட்டையைப் பாதத்தில் சுற்றி நான்கு திசையிலும் இழுப்பது: முன்னே, பின்னே, உள்ளே, வெளியே. வெளிப்பக்கம் தள்ளும் பயிற்சிதான் கணுக்கால் பிசகாமல் காக்கும் தசைக்கு. நிறத்தை வைத்து வலு சொல்வார்கள். பெரும்பாலும் மஞ்சள் மிக லேசானது, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு பட்டை 150 முதல் 300 ரூபாய்.

சைக்கிள் கடையில் பழைய டியூப் பத்துக்கும் இருபதுக்கும் கிடைக்கும். வால்வு இருக்கும் பகுதியையும் பஞ்சர் ஒட்டையும் வெட்டி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிப் பயன்படுத்தலாம். பெரிய பிள்ளைகள் தோள், முதுகுப் பயிற்சிக்கு இழுக்க அருமையாக இருக்கும். சின்னப் பிள்ளையின் கணுக்காலுக்கு ரொம்ப விறைப்பு, வேண்டாம். எந்தப் பட்டையானாலும் வெயிலில் போடாதீர்கள்; நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். கொஞ்சம் பவுடர் தூவி நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், கீறல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்த பட்டை நேராக முகத்துக்குத்தான் வரும். கட்டுவதற்குக் கதவுக் கைப்பிடி வேண்டாம், ஜன்னல் கம்பி நல்லது.

குதிகால் வலி 8 முதல் 14 வயதில் சகஜம். குதிகால் எலும்பிலும் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அதைக் கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டே இருக்கும். குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் நசுக்கினால் பிள்ளை துள்ளும். சிலிக்கான் குதிகால் திண்டு 200, 300 ரூபாயில் கிடைக்கிறது. பயிற்சி வெறுங்காலில் என்பதால் அங்கே இது உதவாது. பள்ளிக்கூட ஷூவுக்குள் போடுங்கள். நாள் முழுக்க அழுத்தம் குறைந்தால் மாலையில் வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே ஒருமுறை கணுக்கால் பிசகிய பிள்ளைக்கு, கயிறு கட்டும் வகைக் காப்பு மறுபடி பிசகும் வாய்ப்பைக் குறைக்கும். காலுறை மாதிரி மாட்டும் எலாஸ்டிக் ரகம் அதைச் செய்யாது. கட்டு நாடாவுக்கும் (டேப்) ஒரு எல்லை உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் காலில் சுற்றிய டேப்போடு ஆடியதைப் பார்த்த பிறகு எங்கள் கூடத்தில் பாதிப் பிள்ளைகள் டேப் கேட்டார்கள். அவருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு இருந்தது, சுற்றிவிட அருகில் மருத்துவக் குழு இருந்தது. நாம் அழகுக்குச் சுற்றுவது அரைமணி நேர வியர்வையில் தளர்ந்துவிடும். சரியாகச் சுற்ற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை கற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

நான்காம் படி: தோள், முதுகு, இடுப்பு

பிரிட்ஜ் (மல்லாந்து கையும் காலும் ஊன்றி உடம்பை வில்லாக வளைப்பது) போடும்போது தோள் திறக்கவில்லை என்றால் உடம்பு அந்த வளைவை இடுப்புக்கு மேலே, கீழ் முதுகில் தேடிக்கொள்ளும். அங்கே தொடர்ந்து மடங்கினால் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழும் அபாயம் உண்டு. ஆகவே முதுகைக் காப்பாற்ற வாங்க வேண்டியது தோளுக்கான சாமான்.

அது ஒரு அங்குல பிவிசி பைப், ஐந்தடி. நூறு ரூபாய்கூட ஆகாது, பிளம்பரிடம் மிச்சம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். அகலமாகப் பிடித்து, முழங்கை மடங்காமல் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோய் முன்னால் கொண்டுவர வேண்டும். விலா எலும்பு முன்னால் பிதுங்கினால் பிடி அகலம் போதவில்லை என்று அர்த்தம். பைப்பில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் மாதாமாதம் எவ்வளவு நெருங்கியது என்று தெரியும். அப்புறம், பிரிட்ஜ் போடும்போது பாதங்களை ஒரு அசையாத முக்காலி மேல் வைத்துப் பாருங்கள். வளைவு கீழ் முதுகிலிருந்து தோளுக்கு மாறும்.

மேல் முதுகு இறுக்கத்துக்கு இரண்டு டென்னிஸ் பந்தை ஒரு பழைய சாக்ஸில் போட்டு முடிச்சுப் போடுங்கள். முதுகெலும்பு நடுவில் பள்ளத்தில் இருக்க, இரண்டு பக்கமும் பந்து உருளும். ஃபோம் ரோலர் (தசையை உருட்டித் தேய்க்கும் உருளை) 500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நாலங்குலக் கழிவுநீர்ப் பைப்பில் பழைய யோகா பாயைச் சுற்றியும் செய்யலாம், ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது ரொம்பக் கெட்டி. தொடை, கெண்டைக்காலுக்கு உருட்டுங்கள். கீழ் முதுகிலும் மூட்டின் மேலும் வேண்டாம். மசாஜ் துப்பாக்கி தேவையே இல்லை. என்னுடையது இப்போது மாமனாரிடம் இருக்கிறது, அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஸ்ப்ளிட்டுக்கு (கால்களை எதிரெதிராக நீட்டித் தரையில் இறங்குவது) யோகா பிளாக் நல்லது, ஜோடி 400 ரூபாய். செங்கல்லைத் துணியில் இறுக்கிச் சுற்றித் தைத்தாலும் அதே வேலைதான். இறங்க முடிகிற இடம் வரை இறங்கி, கையைப் பிளாக்கில் ஊன்றி, கால்களைத் தரையோடு அழுத்தி வலுவாக நிற்பது. டைல்ஸ் தரையில் குதிகாலுக்கு அடியில் பழைய துணியை வைத்துச் சறுக்கி இறங்கி, அதே வலுவில் சறுக்கி ஏறுவது இன்னும் நல்ல பயிற்சி. கதவுக் கயிறு, காலை விரிக்கும் இயந்திரம் இவற்றை ஒதுக்குங்கள். தசை தன் வலுவில் போகாத தூரத்துக்கு வெளியிலிருந்து இழுத்தால், வளரும் வயதில் தசை பிடித்திருக்கும் எலும்பு முனையே பெயர்ந்து வரலாம். பிள்ளையின் முதுகில் பெரியவர்கள் உட்கார்ந்து அழுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைப் பார்த்தால் நான் எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்சை, பயிற்சி முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும். பயிற்சிக்கு முன்னால் ஓட்டம், கைகால் வீச்சு, சின்னக் குதிப்புகள். குதிக்கும் முன் அளவுக்கு மீறி இழுத்தால் தசையின் விசை குறையும்.

ஐந்தாம் படி: உள்ளங்கை

கையில் பூசும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட். வியர்வையை உறிஞ்சிப் பிடிப்பைக் கொடுக்கும். முகப்பவுடர் அதற்கு நேர் எதிர், வழுக்கும். முதல் வாரம் ஒரு அப்பா மகனுக்குப் பவுடர் டப்பா கொடுத்து அனுப்பிவிட்டார், நல்லவேளை கோச் பார்த்துவிட்டார்.

தோல் உரிவதைக் குறைக்க, குதிகால் தேய்க்கும் கல்லால் வாரம் இருமுறை காய்ப்பைத் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். இரவில் தேங்காய் எண்ணெய். பாருக்கு ஏறும் நாளில் காலையில்கூட எண்ணெய் வேண்டாம். கிரிப்புக்கு அடியில் போடும் மணிக்கட்டுப் பட்டையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், தடித்த பருத்திச் சாக்ஸின் மேல்பகுதியை வெட்டினால் முடிந்தது.

ஆனால் தோல் கிரிப்பில் மட்டும் கை தாராளமாக இருக்கட்டும். எப்போது வேண்டும் என்பதைக் கோச் சொல்வார், ஆரம்பத்திலேயே வேண்டாம். விரலுக்குக் கீழே உருளை வைத்த கிரிப் பெரிதாக இருந்தாலோ, பழசாகி நீண்டுவிட்டாலோ, அதன் மடிப்பு பாரில் சிக்கிக்கொள்ளும். கை நின்றுவிடும், உடம்பு சுற்றும். முன்கை எலும்பு முறிவது இப்படித்தான். அண்ணனுடைய பழைய கிரிப், அக்காவுடைய பழைய கிரிப், 'வளர்ந்துடுவா' என்று ஒரு சைஸ் பெரிசு, மூன்றும் கூடாது. ஆண்களின் ஹை பார் 28 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகு; பெண்களின் பார் சுமார் 40 மில்லிமீட்டர். ரிங்ஸ் கிரிப் இன்னொரு ரகம். ஒன்றின் கிரிப்பை இன்னொன்றில் போடக் கூடாது.

ஆறாம் படி: மெத்தை

வீட்டுக்கு, ஒன்றோடொன்று கோர்க்கும் ஈவா ஃபோம் பாய்கள் போதும். ஸ்ட்ரெட்ச், பிளாங்க், சுவரோர ஹேண்ட்ஸ்டாண்டுக்கு அவை சரி. வீட்டில் பல்டி வேண்டாம். படுக்கும் மெத்தையில் குதிப்பது இன்னும் மோசம். மெத்து மெத்தென்று அமுங்கும் பரப்பில்தான் கணுக்கால் புரளும். மொட்டைமாடியில் டிராம்போலின் வைக்கும் யோசனை இருந்தால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்று சொல்லியிருப்பதை நினைவில் வையுங்கள்.

கூடத்தில் செய்ய வேண்டியதற்குக் காசே இல்லை, கண் வேண்டும். இரண்டு மெத்தைக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா? பாதம் அதில் இறங்கினால் கணுக்கால் போச்சு. மெத்தை மேல் முழங்காலால் அழுத்துங்கள். தரை தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது. எங்கள் கூடத்தில் நான்கு பெற்றோர் சேர்ந்து ஒரு மெத்தையின் உள் ஃபோமை மட்டும் மாற்றினோம். அடியில் கெட்டியான ரீபாண்டட், மேலே மெத்தென்ற பியூ ஃபோம். உறை பழையதே. புது மெத்தை விலையில் பாதிகூட ஆகவில்லை.

ஏழ்மையான கூடங்களைப் பற்றிப் பேசினால் நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அகர்தலாவில் பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துச் செய்த கருவியில் பழகியவர். தட்டைப் பாதம் வேறு. அதைப் பயிற்சியாலேயே சரிசெய்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டியில் 15.066 புள்ளிகளோடு நான்காம் இடம், வெண்கலம் 0.150 புள்ளியில் நழுவியது. அடுத்த வருடமே முழங்கால் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அறுந்து அறுவை சிகிச்சை. கருவியை ஒட்டுப்போட்டு ஒப்பேற்றலாம். இறங்கும்போது முழங்காலில் விழும் விசையை அப்படி ஒப்பேற்ற முடியாது. அதனால் இறங்கும் விதத்தைச் சின்ன உயரத்திலேயே பழக்குங்கள். ஒரு படியிலிருந்து குதித்து, முழங்கால்கள் உள்ளே சாயாமல், சத்தம் வராமல் நிற்பது. முன்னாலிருந்து ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் முழங்கால் சாய்வது அப்பட்டமாகத் தெரியும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் இருக்கும் மிக உயர்ந்த காயத் தடுப்புக் கருவி அந்த ஃபோன்தான்.

ஏழாம் படி: பயிற்சிப் பையில் ஒரு டப்பா

கிரேப் பேண்டேஜ் 6 சென்டிமீட்டரில் ஒன்று, 10 சென்டிமீட்டரில் ஒன்று. 38 மில்லிமீட்டர் கெட்டி டேப் ஒரு சுருள். காயத்துக்குப் பஞ்சு, மருந்து. மெல்லிய துண்டு. எல்லாம் சேர்த்து 600 ரூபாய். ஐஸ் கூடத்தில் இல்லையென்றால் பக்கத்துப் பெட்டிக்கடையில் கிடைக்கும். துணியில் சுற்றி 15 நிமிடம், நேரடியாகத் தோலில் வேண்டாம்.

பையில் இருக்கக் கூடாதது தைலமும் உருவிவிடும் எண்ணமும். "சுளுக்கு வழிச்சா சரியாயிடும்" என்று அன்போடு சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். வளரும் பிள்ளையின் லிகமென்ட்டைவிட வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் விழுகை, பிள்ளைக்கு எலும்புக் காயமாக இருக்கலாம். அதை உருவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கணுக்கால் பிசகினால் எப்போது எக்ஸ்ரே? நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால். அல்லது இரண்டு பக்கத்து கணுக்கால் முட்டு எலும்பின் பின்ஓரத்திலோ நுனியிலோ, பாதத்தின் வெளிஓர நடுவில் துருத்தும் எலும்பிலோ, உள்பக்க வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பிலோ விரல் வைத்தாலே வலித்தால். அன்றே போங்கள்.

"வலிச்சாலும் ஆடணும், அதுதான் வீரம்" என்று சொல்பவர்கள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக் காயம்பட்ட கணுக்காலோடு இரண்டாவது வால்ட் செய்ததைக் காட்டுவார்கள். அந்த வால்ட் இல்லாமலேயே அமெரிக்க அணிக்குத் தங்கம் வந்திருக்கும் என்பது புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் தெரியும். அதை யாரும் சொல்வதில்லை.

எந்த வரிசையில் வாங்குவது?

முதல் மாதம் 500 ரூபாய்க்குள்: நோட்டு, இரண்டு ரப்பர் பட்டை, பிவிசி கம்பு. மரச் சரிவும் பந்து போட்ட சாக்ஸும் சும்மா. அடுத்த மாதம் முதலுதவி டப்பா. அதற்கடுத்து பேரலெட், யோகா பிளாக், ஈவா பாய். ரோலர் கடைசியில், ஆசைப்பட்டால். பாக்கிப் பணத்தைக் கிரிப்புக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டின் ஒரு மணி நேரத்துக்கும் எடுத்து வையுங்கள்.

தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஒருநாள் மணிக்கட்டும் தோளும், மறுநாள் கணுக்காலும் இடுப்பும். டிவி ஓடும்போது செய்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் பட்டை நிரந்தரமாக ஹால் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. அலமாரிக்குள் வைத்த நாட்களில் யாரும் எடுத்ததே இல்லை.

கணுக்காலும் மணிக்கட்டும் தவிர, கீழ் முதுகில் பின்னால் வளையும்போது மட்டும் வரும் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி எங்கே இருந்தாலோ, எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். "எப்போதிலிருந்து வலிக்குது?" என்று டாக்டர் கேட்டதும் பிள்ளை "தெரியலை" என்று நம் முகத்தைப் பார்க்கும். எங்கள் டாக்டர் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "ஹேண்ட்ஸ்டாண்ட் செய்த நாளில் எல்லாம் ஏழு, பீம் நாளில் இரண்டு" என்று அவராகவே படித்துக்கொண்டார்.